வந்த திசை தெரியாத விருந்தாளிகள்

காஸ்மிக் கதிர்களைப் பற்றிப் பேசிய போன எபிசோடுக்குப் பிறகு ஒரு நேயர் கேட்டிருந்தார்: "1912-லேயே இது விண்வெளியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள் என்கிறீர்கள். அப்புறம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்து, அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டியதுதானே? இதுக்கு எதுக்கு நூறு வருஷம்?"

நியாயமான கேள்வி. நட்சத்திர வெளிச்சத்துக்கு நாம் அதைத்தான் செய்கிறோம். ஒளி நேராக வருகிறது. வந்த திசையில் தொலைநோக்கியைத் திருப்பினால் நட்சத்திரம் இருக்கிறது. காஸ்மிக் கதிர் விஷயத்தில் அது நடக்காது. ஏன் நடக்காது என்று புரிந்துகொள்ளவே இயற்பியலுக்கு ஐம்பது வருஷம் பிடித்தது. இன்றைக்கு அந்த ஐம்பது வருஷத்தைத்தான் சொல்லப் போறேன். நடுவில் இரண்டு பேர் பனிமலையில் செத்துப்போகிறார்கள், ஒரு கப்பல் வெடிக்கிறது, ஒரு இளைஞரின் கட்டுரையைக் குப்பை என்று திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். ஆகவே இது வெறும் சூத்திரக் கதை இல்லை.

ஹெஸ்ஸின் பலூன் பயணத்தைப் போன தடவையே விரிவாகச் சொல்லிட்டேன். 1912 ஆகஸ்ட் 7 அன்று விக்டர் ஹெஸ் 5,000 மீட்டருக்கு மேல் போனார், உயரம் கூடக் கூடக் கதிர்வீச்சு கூடியது, ஆக அது மேலிருந்து வருகிறது. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு சூரிய கிரகணத்தின்போதும் அவர் பலூனில் போயிருந்தார். சூரியன் மறைந்தபோது கதிர்வீச்சு குறையவில்லை. அதனால் இதற்குச் சூரியன் காரணமில்லை என்று முடிவு செய்தார். "எந்தத் திசை?" என்ற கேள்வியை முதன்முதலில் கேட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான். சூரியன் இல்லை என்றால் வேறு யார்? அதற்குப் பதில் கிடைக்கவில்லை. எல்லாத் திசையிலிருந்தும் ஏறக்குறைய சமமாகவே வந்துகொண்டிருந்தது.

1925-இல் ராபர்ட் மில்லிகன் இதற்குக் 'காஸ்மிக் கதிர்கள்' என்று பெயர் வைத்தார். நோபல் பரிசு வாங்கியவர், அமெரிக்க இயற்பியலின் பெரிய தலை. இவை காமா கதிர்கள், அதாவது ஒருவகை ஒளி என்பது அவர் கட்சி. விண்வெளியில் புதிய அணுக்கள் பிறக்கும்போது வெளிவரும் ஒளி என்று ஒரு அழகான விளக்கமும் வைத்திருந்தார். ஒளி என்றால் காந்தம் அதை வளைக்காது. துகள் என்றால், அதிலும் மின்னூட்டம் உள்ள துகள் என்றால், பூமியின் காந்தப்புலம் அதை வளைத்துவிடும். நிலநடுக்கோட்டுப் பக்கம் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. துகள்கள் அவற்றைக் குறுக்கே கிழித்துக்கொண்டு வர வேண்டும். அது கஷ்டம். துருவங்களில் கோடுகள் செங்குத்தாக இறங்குவதால் வழி திறந்திருக்கிறது. எனவே நிலநடுக்கோட்டில் குறைவாகவும் துருவத்துப் பக்கம் அதிகமாகவும் இருந்தால் துகள்; எங்கும் ஒன்றுபோல் இருந்தால் ஒளி. சோதனை அவ்வளவு எளிமையானது.

அதை முதலில் பார்த்தவர் யாக்கோப் கிளே என்ற டச்சுக்காரர். ஜாவாவில் பாண்டுங்கில் பேராசிரியர். ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் கப்பலிலேயே கருவியைத் தூக்கிக்கொண்டு போவார். 1927-இலேயே, நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அளவு குறைகிறது என்று கண்டார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு சிலர் செய்த கப்பல் சோதனைகளில் வித்தியாசம் தெரியாததால், கிளேயின் கருவியில்தான் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டார்கள்.

ஆர்தர் காம்ப்டன் அப்படி விடவில்லை. அவரும் நோபல் பரிசு பெற்றவர்தான். 1932-இல் உலகம் முழுக்கக் குழுக்களை அனுப்பினார். 60-க்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே மாதிரியான கருவியை வைத்து அளப்பது திட்டம். அவரே ஹவாய், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பெரு, கனடாவின் வடகோடி என்று சுற்றினார். அலாஸ்காவில் தெனாலி மலைக்குப் போன குழுவில் ஆலன் கார்ப்பே, தியோடர் கோவன் என்று இரண்டு பேர். கார்ப்பே பொறியாளர், தேர்ந்த மலையேறியும்கூட. 1932 மே மாதம் மல்ட்ரோ பனியாற்றின் மேல் முகாம் போட்டு அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். மலை உச்சியிலிருந்து இறங்கி வந்த வேறொரு குழு பார்த்தபோது முகாம் காலியாக இருந்தது. கொஞ்ச தூரத்தில் கோவனின் உடல் பனியில் கிடந்தது. கார்ப்பே பனிப்பிளவுக்குள் விழுந்திருக்க வேண்டும். அவர் உடல் கிடைக்கவே இல்லை. ஒரு கதிர் காந்தத்தில் வளைகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் போய் இரண்டு உயிர் போயிருக்கிறது. பாடப்புத்தகத்தில் 'அட்சரேகை விளைவு' என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குப் பின்னால் இது இருக்கு.

காம்ப்டனின் முடிவு தெளிவாகவே வந்தது: நிலநடுக்கோட்டில் குறைவு. 1932 டிசம்பர் கடைசியில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த அறிவியல் மாநாட்டில் மில்லிகனும் காம்ப்டனும் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். அது பத்திரிகைச் செய்தியாகவும் ஆனது. மில்லிகன் முதலில் மறுத்தார், அடுத்த ஆண்டு வழிக்கு வந்தார். பெரிய மனிதர்களுக்குத் தன் தப்பை ஒத்துக்கொள்ள கொஞ்சம் சுற்றிவளைக்க வேண்டியிருக்கும் போல. வருவது பெரும்பாலும் நேர் மின்னூட்டம் உள்ள துகள்கள் என்பதும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உறுதியாயிற்று. மேற்கிலிருந்து வருபவை கிழக்கிலிருந்து வருபவற்றைவிட அதிகம் என்று மெக்சிகோவிலும் எரித்ரியாவிலும் அளந்து காட்டினார்கள்.

இங்கே நம்ம பக்கத்துக்கு ஒரு சின்னத் தொடர்பு. பூமியின் காந்த நிலநடுக்கோடு தென்னிந்தியாவின் கீழ்முனை வழியாகப் போகிறது. அதனால் பூமியின் காந்தக் கவசம் மிகவும் வலுவாக இருக்கும் பகுதிகளில் நம்முடையதும் ஒன்று. 1939–40 குளிர்காலத்தில் அதே மில்லிகன் இந்தியாவுக்கு வந்து, பெங்களூரு, ஆக்ரா, பெஷாவர் மூன்று இடங்களிலிருந்தும் பலூன்களை ஏற்றினார். அப்போது போர் மூண்டதால் இங்கிலாந்து திரும்ப முடியாமல் இங்கேயே தங்கிவிட்ட ஹோமி பாபா, பெங்களூரில் ராமனின் நிறுவனத்தில் காஸ்மிக் கதிர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். அங்கே வந்து சேர்ந்த இன்னொரு இளைஞர் விக்ரம் சாராபாய். பின்னாளில் ராக்கெட்டுக்காரராக நாம் அறியும் சாராபாயின் கேம்பிரிட்ஜ் முனைவர் பட்டம், வெப்பமண்டலப் பகுதியில் காஸ்மிக் கதிர்கள் பற்றியது.

சரி, பூமியின் காந்தம் வளைக்கிறது. அதைக் கணக்குப் போட்டுக் கழித்துவிட்டால் உண்மையான திசை தெரிந்துவிடுமே? அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள். பூமியின் காந்தம் ஒழுங்கானது. நார்வேயின் ஸ்டோர்மர் துருவ ஒளியை விளக்குவதற்காக இந்தப் பாதைகளை எல்லாம் மாணவர்களை வைத்துக் கையாலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார். கஷ்டமான கணக்கு, ஆனால் முடியாத கணக்கு இல்லை. கழித்துப் பார்த்தார்கள். அப்போதும் எல்லாத் திசையும் ஒன்றுபோலவே இருந்தது.

பூமிக்கு வெளியேயும் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது என்பதற்கு முதல் தடயம் தந்தவர் ஸ்காட் ஃபோர்புஷ். இவர் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். காந்தப்புலத்தை அளப்பதற்கென்றே இரும்பைத் தவிர்த்து மரத்தாலும் வெண்கலத்தாலும் கட்டிய 'கார்னகி' என்ற ஆய்வுக்கப்பலில் வேலை பார்த்தவர். 1929 நவம்பரில் சமோவாவின் ஆபியா துறைமுகத்தில் பெட்ரோல் ஏற்றும்போது கப்பல் வெடித்து எரிந்துபோனது. கேப்டன் இறந்துபோனார், ஃபோர்புஷ் தப்பித்தார். அதன்பிறகு அவர் வாழ்க்கை முழுக்க மேசைக்கு முன்னால்தான். உலகின் வெவ்வேறு மூலைகளில் வைத்த காஸ்மிக் கதிர் மீட்டர்களிலிருந்து காகிதச் சுருள்கள் வரும். அவர் வருஷக்கணக்கில் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். நம்ம வீட்டில் மின்சார மீட்டர் ரீடிங் எடுக்க வருபவரைப் போல. ஆனால் அவர் மாதிரி பார்க்க ஆள் வேண்டும்.

1937 ஏப்ரலில் ஒரு பெரிய காந்தப்புயல் அடித்தது. அமெரிக்காவில் செல்ட்டன்ஹாமில் வைத்த மீட்டரிலும், பெருவில் ஆண்டிஸ் மலைமேல் ஹுவாங்காயோவில் வைத்த மீட்டரிலும் காஸ்மிக் கதிர் ஒரே நேரத்தில் குறைந்தது. பல நாள் கழித்துத்தான் மெல்ல மீண்டது. இன்றைக்கும் இதற்கு 'ஃபோர்புஷ் சரிவு' என்றுதான் பெயர். பிறகு 1954-இல் இன்னொன்றைக் காட்டினார்: சூரியனில் கரும்புள்ளிகள் அதிகமாக இருக்கும் ஆண்டுகளில் காஸ்மிக் கதிர் குறைகிறது, சூரியன் அமைதியாக இருக்கும்போது கூடுகிறது. யோசித்துப் பாருங்க. சூரியனிலிருந்து வராத ஒன்றைச் சூரியன் எப்படிக் கட்டுப்படுத்துகிறது? வாசலில் நின்று ஆளைத் தடுக்கும் காவலாளி மாதிரி. ஆனால் அந்தக் காவலாளி யார், எங்கே நிற்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

இதே காலத்தில் சிகாகோவில் வேறொரு மூலையிலிருந்து விஷயம் நகர்ந்துகொண்டிருந்தது. 1949-இல் என்ரிகோ ஃபெர்மி ஒரு கட்டுரை எழுதினார். நட்சத்திரங்களுக்கு இடையே வாயு மேகங்கள் அலைகின்றன, அவற்றோடு காந்தப்புலமும் சேர்ந்து அலைகிறது. அலைகின்ற காந்தத்தின்மேல் மோதித் திரும்பும் துகள், சராசரியில் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றல் பெறும். எதிரே வரும் லாரியில் மோதித் தெறிக்கும் பந்து வேகமாகப் போகும். முன்னால் ஓடும் லாரியைத் துரத்திப்போய் மோதும் பந்து வேகம் குறையும். எதிரே வருபவற்றோடு மோதுவது அதிகம் நடப்பதால் மொத்தத்தில் லாபம். அந்தக் கட்டுரை காஸ்மிக் கதிருக்கு ஆற்றல் எப்படி வருகிறது என்று விளக்க எழுதப்பட்டது. ஆனால் அதன் உள்ளே இன்னொரு முடிவும் ஒளிந்திருக்கிறது. துகள் மேகத்துக்கு மேகம் இப்படி மோதிக்கொண்டே வருமானால், கடைசியாக அது நம்மிடம் வரும் திசை, கடைசி மோதலின் திசைதான். புறப்பட்ட இடத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

தேர்த்திருவிழாக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட ஒருவர் இடி வாங்கி வாங்கிக் கடைசியில் உங்கள் மேல் வந்து விழுகிறார். எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தார் என்று பார்த்து, அவர் எந்த ஊர் என்று சொல்ல முடியுமா?

ஆனால் விண்வெளியில் காந்தப்புலம் இருக்கிறது, அது தாறுமாறாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இந்த இடத்தில்தான் சுப்ரமணியன் சந்திரசேகர் வருகிறார். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்து, கப்பலேறி இங்கிலாந்து போய், சிகாகோவில் நிலைத்த அதே சந்திரசேகர்தான். 1949-இல் ஹில்ட்னரும் ஹாலும் நட்சத்திர ஒளி ஒரு குறிப்பிட்ட திசையில் முனைவாக்கம் பெற்று வருகிறது என்று கண்டிருந்தார்கள். இடையிலுள்ள தூசுகளைக் காந்தப்புலம் வரிசைப்படுத்தி நிறுத்துவதுதான் காரணம். சந்திரசேகரும் ஃபெர்மியும் சேர்ந்து 1953-இல் ஒரு கெட்டிக்கார வேலை செய்தார்கள். காந்தக் கோடுகளை இழுத்துக் கட்டிய கம்பிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். வாயுவின் கொந்தளிப்பு அவற்றை அசைக்கிறது. கம்பி முறுக்காக இருந்தால் கொஞ்சமாக அசையும், தொய்வாக இருந்தால் நிறைய அசையும். முனைவாக்கத் திசைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று பார்த்தால், கம்பி எவ்வளவு முறுக்கு, அதாவது புலம் எவ்வளவு வலு என்று கணக்கிடலாம். அவர்களுக்கு வந்த விடை சுமார் 7 மைக்ரோகாஸ். பூமியின் புலத்தோடு ஒப்பிட்டால் பல பத்தாயிரம் மடங்கு குறைவு. ஆனாலும் இன்று நாம் அறியும் அளவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்த முறையை இன்றும் வானியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். இதே எண்ணம் லெவரெட் டேவிஸுக்கும் தனியாக வந்திருந்தது, அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே மரியாதை. அடுத்த ஆண்டே ஃபெர்மி இறந்துவிட்டார்.

இனி 1956 பிப்ரவரி 23. சூரியனில் ஒரு பெரும் வெடிப்பு நடந்தது. பூமியிலுள்ள நியூட்ரான் மானிட்டர்கள் திடீரென்று எகிறின. இங்கிலாந்தின் லீட்ஸில் வழக்கமான அளவைப் போல 40 மடங்குக்கும் மேல் பதிவானது. சிகாகோவின் ஜான் சிம்ப்சன் இந்த மானிட்டர்களை உருவாக்கி, சிகாகோ, கொலராடோ, மெக்சிகோ, பெரு என்று பல இடங்களில் வைத்திருந்தார். இந்தத் தடவை துகள் எங்கிருந்து வந்தது, எப்போது கிளம்பியது என்று தெரியும். எனவே அது வந்த விதத்தைப் பார்த்தால் இடையில் உள்ள வழி எப்படி என்று தெரிந்துவிடும். நூறு ரூபாய் நோட்டில் அடையாளம் போட்டு அனுப்புவது மாதிரி.

பார்த்ததில் இரண்டு விஷயம் தெரிந்தது. முதல் துகள்கள் ஏறத்தாழ நேராக, விரைவாக வந்துவிட்டன. ஆனால் சூரியனில் வெடிப்பு அடங்கிய பிறகும் இங்கே துகள்கள் பல மணி நேரம் வந்துகொண்டே இருந்தன, அதுவும் எல்லாத் திசையிலிருந்தும். காற்று அசையாத அறையில் ஒரு மூலையில் ஊதுபத்தி ஏற்றி, உடனே அணைத்துவிடுங்கள். வாசனை அணைந்துபோகாது, மெல்லப் பரவி, மெல்லத்தான் மங்கும். மூலக்கூறு ஒவ்வொன்றும் நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில்தான் ஓடுகிறது, ஆனால் மோதி மோதிப் போவதால் வாசனை ஊர்ந்துதான் வருகிறது. 1956-இல் துகள்களின் எண்ணிக்கை குறைந்த விதம், இந்தப் பரவலுக்கான கணிதத்தோடு ஒத்துப்போனது. மேயர், பார்க்கர், சிம்ப்சன் மூவரும் அதே ஆண்டு எழுதினார்கள்: பூமியின் சுற்றுப்பாதைக்கு அப்பால் ஒழுங்கற்ற காந்தப்புலத்தாலான ஒரு தடுப்பு இருக்கிறது, துகள்கள் அதில் பட்டுச் சிதறித் திரும்புகின்றன. பூமி அந்தத் தடுப்புக்குள் இருக்கும் காலி அறை போன்ற இடத்தில் இருக்கிறது என்று நினைத்தார்கள். அந்தக் காலி அறைப் படம் தப்பு. ஆனால் துகள் பரவிப் பரவித்தான் வருகிறது என்பது சரி. அறிவியலில் இப்படிப் பாதி சரியாகத்தான் பல நல்ல விஷயங்கள் தொடங்குகின்றன.

தப்பைத் திருத்தியவர் அதே கட்டுரையில் இருந்த யூஜின் பார்க்கர். சூரியனின் மேல்வளிமண்டலம் பத்து லட்சம் டிகிரி சூடு. அவ்வளவு சூட்டில் அது சும்மா உட்கார்ந்திருக்க முடியாது, நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் எல்லாப் பக்கமும் வெளியே வீசியாக வேண்டும் என்று கணக்குப் போட்டார். அதுதான் சூரியக்காற்று. அந்தக் காற்று சூரியனின் காந்தக் கோடுகளையும் இழுத்துக்கொண்டு போகும். சூரியன் சுழல்வதால் கோடுகள் சுருளாக வளையும். தீபாவளிக்குத் தரைச்சக்கரம் விடுவோமே, பொறிகள் நேராகத்தான் வெளியே பறக்கும், ஆனால் சக்கரம் சுற்றுவதால் பார்க்கச் சுருளாகத் தெரியும். அதே கதை.

கட்டுரையை 'அஸ்ட்ரோபிசிகல் ஜர்னல்' இதழுக்கு அனுப்பினார். மதிப்பீடு செய்த இரண்டு பேருமே நிராகரித்தார்கள். இதழின் ஆசிரியர் யாரென்றால், சந்திரசேகர். அவருக்கே பார்க்கரின் கருத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் கணக்கில் தப்பு என்று மதிப்பீட்டாளர்கள் எதையும் காட்டவில்லை. அதனால் போட்டுவிட்டார். 1958 நவம்பர் இதழில் வந்தது. பார்க்கருக்கு வயது 31. 'எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, ஆகவே அச்சுக்குப் போகட்டும்' என்று ஒரு ஆசிரியர் முடிவெடுப்பது லேசான காரியம் இல்லை. தன் கண்டுபிடிப்பை எடிங்டன் பொதுமேடையில் கேலி செய்த அனுபவம் சந்திரசேகருக்கு உண்டு. அது இந்த முடிவில் பங்கு வகித்ததா என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு அந்த நினைப்பு வராமல் போவதில்லை.

ஓரிரு வருஷத்தில் சோவியத் லூனா விண்கலங்களும், 1962-இல் மரைனர் 2-ம் சூரியக்காற்றை நேரடியாகவே அளந்துவிட்டன. 1960-இல் பயனியர் 5 பூமியிலிருந்து வெகுதூரத்தில் இருந்தபோது ஒரு ஃபோர்புஷ் சரிவு நடந்தது. அங்கேயும் காஸ்மிக் கதிர் குறைந்தது. ஆக அந்தக் காவலாளி பூமியின் காந்தம் இல்லை. சூரியக்காற்றுதான். பூமிக்கு வெகு அப்பால் வரை விரிந்து நிற்கும் காவலாளி.

இப்போது கொந்தளிப்புக்கு வருவோம். சூரியக்காற்றின் காந்தம் பார்க்கர் வரைந்த சுருள் மாதிரி சுத்தமாக இருந்தால், துகள் அந்தக் கோட்டைச் சுற்றிச் சுற்றி, கம்பியில் கோத்த மணி போல வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஆனால் விண்கலங்கள் அளந்தபோது அந்தக் கோடுகள் முழுக்க நெளிவும் சுளிவுமாக இருந்தன. பெரிய நெளிவுக்குள் சின்ன நெளிவு, அதற்குள் இன்னும் சின்னது. ஆற்றுச் சுழல் மாதிரி. இதில் எந்த நெளிவு துகளைத் திருப்பும்? 1966-இல் ஜோகிபி இதற்குக் கணக்கு கொடுத்தார். அதைச் சூத்திரம் இல்லாமல் சொல்லிப் பார்க்கிறேன்.

மாட்டு வண்டிச் சக்கரத்தை நினையுங்கள். சாலையில் சின்னச் சரளைக்கல் கிடந்தால் சக்கரம் அதைக் கண்டுகொள்ளாது. ரோடே மெல்ல மேடேறி இறங்கினால் வண்டியும் அப்படியே ஏறி இறங்கும், குலுங்காது. சக்கரத்தின் அளவுக்கே ஒரு பள்ளம் இருந்தால்தான் வண்டி தூக்கிப்போடும். துகளுக்கு அந்தச் சக்கரம், அது காந்தக் கோட்டைச் சுற்றும் வட்டம். 100 கோடி எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் உள்ள ஒரு புரோட்டான், பூமிக்குப் பக்கத்திலுள்ள சூரியக்காற்றில் சுற்றும் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 10 லட்சம் கிலோமீட்டர். காந்தக் கோட்டில் அதே அளவுக்கு உள்ள நெளிவுகள்தான் அதைத் திருப்பும். ஆற்றல் கூடினால் வட்டம் பெரிதாகும், பெரிய நெளிவுகள் வேலை செய்யும். ஒவ்வொரு திருப்பமும் சின்னதுதான். ஆயிரக்கணக்கில் சேரும்போது துகள் தான் வந்த திசையையே மறந்துவிடுகிறது.

பார்க்கர் 1965-இல் இவை எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் கட்டிவைத்தார். துகள்கள் உள்ளே பரவப் பார்க்கின்றன. காற்று அவற்றை வெளியே தள்ளுகிறது. காற்று விரிவதால் துகள்களும் ஆற்றல் இழக்கின்றன. சைக்கிள் டயரிலிருந்து காற்று சீறி வெளியேறும்போது சில்லென்று இருக்குமே, அதுபோல. வெள்ளத்துக்கு எதிரே நீந்துபவர்களில் வலுவானவர்கள்தான் கரைக்கு வந்து சேர்வார்கள். சூரியன் சீறும் ஆண்டுகளில் வெள்ளம் அதிகம், வந்து சேர்பவர்கள் குறைவு. ஃபோர்புஷ் காகிதச் சுருளில் பார்த்த அந்த 11 வருஷ ஏற்ற இறக்கத்துக்குக் கடைசியில் ஒரு விளக்கம் கிடைத்தது.

சூரியக் குடும்பத்துக்கு உள்ளே கதை இது. வெளியே, பால்வெளி மண்டலத்தில்? அங்கேயும் அதே விதிதான், அளவு மட்டும் பிரம்மாண்டம். அங்கே விண்கலம் அனுப்ப முடியாது. ஆனால் துகள்களே பயணச்சீட்டை பையில் வைத்துக்கொண்டுதான் வருகின்றன. போரான் என்ற தனிமம் நட்சத்திரங்களில் மிகமிக அரிது. காஸ்மிக் கதிரில் தாராளமாக இருக்கிறது. கார்பனும் ஆக்சிஜனும் வழியில் வாயு அணுக்களோடு மோதி உடைந்து போரான் ஆகின்றன. எவ்வளவு போரான் என்று பார்த்தால் எவ்வளவு வாயுவைக் கடந்து வந்தன என்று தெரியும். பெரிலியம்-10 என்ற இன்னொரு துண்டு கதிரியக்கம் உள்ளது, சுமார் 14 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும். அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் பயணத்துக்கு எவ்வளவு காலம் ஆனது என்று தெரியும். 1977-இல் சிம்ப்சனின் குழு ஐஎம்பி செயற்கைக்கோள்களை வைத்து இதை அளந்தது. விடை, ஏறத்தாழ 1.7 கோடி ஆண்டுகள். ஒளியின் வேகத்தில் ஓடும் துகள் பால்வெளியை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நேராகக் கடக்க ஒரு லட்சம் ஆண்டு போதும். அப்படியானால் மிச்சக் காலம் முழுக்க அலைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த நெளிவுகளில் ஒரு பகுதியைத் துகள்களே உண்டாக்குகின்றன. ஒரே திசையில் கூட்டமாக ஓடினால் காந்தக் கோடுகளை அவை அதிரவைக்கும். அந்த அதிர்வு அவற்றையே தடுக்கும். 1969-இல் குல்ஸ்ரட்டும் பியர்ஸும் இதைக் காட்டினார்கள். திருவிழாக் கூட்டத்தில் நம்மை நெருக்குவது யார் என்று பார்த்தால் நாமும்தானே.

2012 ஆகஸ்ட் 25 அன்று வாயேஜர் 1 சூரியக்காற்றின் எல்லையைத் தாண்டியது. சூரியனிலிருந்து வெகு தொலைவு, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல சுமார் 121 மடங்கு. சூரியப் பக்கத்துத் துகள்கள் சட்டென்று காணாமல் போயின, வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் சட்டென்று கூடின. வாசலைத் தாண்டியது கருவிக்குத் தெளிவாகவே தெரிந்தது. 2018-இல் பார்க்கர் பெயரிலேயே ஒரு விண்கலம் சூரியனை நோக்கிக் கிளம்பியபோது, 91 வயதுப் பார்க்கர் ஏவுதளத்துக்குப் போய் நேரில் பார்த்தார். கட்டுரையை அச்சிட்ட ஆசிரியரின் பெயரில் 1999-இலிருந்தே ஒரு எக்ஸ்ரே தொலைநோக்கி மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது.

நேயரின் கேள்விக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் அவர் கோயம்புத்தூர்க்காரர். அவர் ஊரிலிருந்து பஸ் பிடித்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் ஊட்டி. அங்கே 2,200 மீட்டர் உயரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானிய நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் கிரேப்ஸ்-3 இருக்கிறது. காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவான்களை எண்ண, 560 சதுர மீட்டர் பரப்பில் வரிசை வரிசையாக இரும்புக் குழாய்கள். கோலார் தங்கச்சுரங்கத்தின் ஆழத்தில் புரோட்டான் சிதைகிறதா என்று தேடிய சோதனை முடிந்த பிறகு, அதன் குழாய்கள் இங்கே மறுபிறவி எடுத்தன. நாள் ஒன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்களை எண்ணுகிறார்கள். ஃபோர்புஷின் காகிதச் சுருளுக்கு இது பேரன்.

காந்த நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வலுவான துகள்கள் மட்டும்தான் ஊட்டிக்கு வந்து சேரும். அதுவே ஒரு வசதி. 2015 ஜூன் 22 அன்று சூரியன் கக்கிய ஒரு பிளாஸ்மா மேகம் பூமியை மோதியது. நம் கடிகாரப்படி நள்ளிரவு தாண்டிய நேரம். ஊட்டியில் மியூவான் எண்ணிக்கை குறையும் என்றுதான் எதிர்பார்ப்போம், ஃபோர்புஷ் சொன்னபடி. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு அது எல்லாத் திசையிலும் கூடியது. வந்த மேகத்தின் காந்தம் பூமியின் காந்தத்தோடு சேர்ந்து கவசத்தைக் கொஞ்ச நேரம் தளர்த்திவிட்டது, வழக்கமாகத் திருப்பி அனுப்பப்படும் துகள்கள் அந்த இடைவெளியில் உள்ளே நுழைந்துவிட்டன என்று அந்தக் குழு 2016-இல் எழுதியது.

திசை விஷயமும் முழுசாகக் கைவிட்டுப் போகவில்லை. கோடிக்கணக்கில் எண்ணினால், வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் கொஞ்சம் அதிகமாக வருவது தெரிகிறது. ஊட்டி உட்பட உலகின் பல இடங்களில் அதை அளந்திருக்கிறார்கள். அந்தச் சின்ன ஏற்றத்தாழ்வு துகள் பிறந்த இடத்தைக் காட்டுகிறதா, பக்கத்திலுள்ள காந்தக் கோடுகள் நெளிந்திருக்கும் விதத்தைக் காட்டுகிறதா என்பதில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. வளையவே வளையாத அளவுக்கு ஆற்றலுள்ள, மிக அபூர்வமான துகள்களைத் தேடி அர்ஜென்டினாவின் சமவெளியில் ஒரு பெரும் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. அவர்களைப் பற்றி அடுத்த எபிசோடில் பேசுவோம்.